பாப்புவுக்கு, அந்த 16 வருடக் கணக்கைப் பற்றி

பாப்பு,

இன்றைக்குப் போகி. ஆங்கில நடிகர் ஆலன் ரிக்மன் இறந்த செய்தி வந்ததும் ஒரு போகி சாயங்காலம்தான், 2016 ஜனவரி 14. பத்து வருடம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? இது எட்டு வருடத்துக்கு முன்னால் நீ எழுந்து போன அந்த ராத்திரியைப் பற்றி.

ஹாலில் பழைய லேப்டாப். 'டை ஹார்ட்' படத்தின் கடைசியில் அவர் கட்டடத்திலிருந்து விழுகிற இடத்தை நாலு தடவை ஓட்டிக் காட்டினாய். படப்பிடிப்பில் மூன்று எண்ணிவிட்டுத்தான் கீழே விடுவோம் என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டார்களாம். "கண்ணைப் பாருண்ணா, அது நிஜ பயம்" என்று திரையில் விரலை வைத்தாய். நகத்தில் மருதாணி பாதி அழிந்திருந்தது. அதே மூச்சில், "டிசைன் வேலையை விட்டுட்டு அவர் லண்டன் ராடா நடிப்புப் பள்ளியில சேரும்போது 26 வயசு. எனக்கும் இப்போ 26" என்றாய்.

நான் உடனே கணக்குப் போட்டேன். சேர்ந்தது 1972, முதல் சினிமா 'டை ஹார்ட்' 1988. "16 வருஷம் யாரு சோறு போடுவா?"

நீ லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாய்.

மன்னித்துவிடு. ஆனால் அந்த வருடம் வீட்டில் என்ன நிலைமை என்று உனக்குத் தெரியும். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், அதற்கு மேல் வேண்டாம். பயத்தில் பேசினேன். பயந்தவன் அப்படியா பேசுவான் என்று நீ கேட்கலாம். கேள்.

இப்போது அந்த 16 வருடத்தைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். ராடாவில் படிக்கும்போது செலவுக்காக பெரிய நடிகர்கள் ரால்ஃப் ரிச்சர்ட்சனுக்கும் நைஜல் ஹாத்தோர்னுக்கும் உடை மாட்டிவிடுகிற வேலை பார்த்திருக்கிறார். அப்புறம் ஊர் ஊராக நாடகம், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. 1985-ல் அவர்களுடைய 'லே லியேசோன் டான்ஜரூஸ்' நாடகத்தில் வால்மோன் வேஷம். அதோடு நியூயார்க் வரை போய் டோனி நாடக விருதுக்குப் பரிந்துரை. அதே கதை சினிமாவானபோது வேஷம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆனால் நியூயார்க்கில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் 'டை ஹார்ட்'டுக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சினிமா வராத அத்தனை வருடமும் மனிதர் வேலையில்தான் இருந்திருக்கிறார்.

இதை அன்றைக்கே நீ எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? என்னோடு சண்டை போட்டிருக்கலாமே. எட்டு வருடம் பாப்பு. அம்மா ஆபரேஷனுக்கு வந்துவிட்டு, நான் காரை நிறுத்திவிட்டு மேலே வருவதற்குள் கிளம்பிவிட்டாய். அதை நான் மறக்கவில்லை.

'டை ஹார்ட்' வந்தபோது அவருக்கு 42. உனக்கு இப்போது 34.

24-ம் தேதி உன் நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடைசி வரிசை, உன் கண்ணில் படமாட்டேன். முடிந்ததும் வாசலில் நிற்பேன். பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அம்மா அதிரசம் கொடுத்துவிடுவாள், அதையாவது வாங்கிக்கொள்.

அண்ணன்