டான் ஆகஸ்டுக்கு ஒட்டுப் போடாதீர்கள்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். 'டான் ஆகஸ்ட்' தொடரை மறுபடி எங்காவது ஓட்டும் எண்ணம் இருந்தால், இரண்டிரண்டு பகுதிகளை ஒட்டுப்போட்டுச் செய்த படங்களை ஓரமாக வைத்துவிட்டு 26 பகுதிகளையும் எடுத்தது எடுத்தபடியே கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

1970 செப்டம்பரில் ஏபிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, அடுத்த ஏப்ரலிலேயே கடையைக் கட்டிய தொடர் இது. டான் ஆகஸ்ட் என்ற துப்பறியும் போலீஸ் லெப்டினன்டாக நடித்தவர் பர்ட் ரெனால்ட்ஸ். கலிஃபோர்னியாவில் சான்டா லூயிசா என்றொரு கற்பனை ஊர். அவன் வளர்ந்ததும் அங்கேதான், வேலை பார்ப்பதும் அங்கேதான். தொடரின் ருசியே இதில்தான் இருக்கிறது. விசாரிக்கப் போய்க் கதவைத் தட்டினால் திறப்பது தெரிந்த முகம். கூடத் திரிந்தவனையே உட்காரவைத்து "நேற்று ராத்திரி எங்கே இருந்தாய்?" என்று கேட்கவேண்டிய பிழைப்பு. ரெனால்ட்ஸ் முகத்தை இறுக்கமாகவே வைத்திருப்பார். பின்னாளில் அவருக்குச் சோறு போட்ட குறும்புச் சிரிப்பை இதில் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் ஓடுவதும் தாவுவதும் விழுவதும் அவரேதான், டூப் இல்லை.

1972இல் 'டெலிவரன்ஸ்' திரைப்படம் வந்தது, மனிதர் நட்சத்திரமானார். உடனே 1973 கோடையில் போட்டித் தொலைக்காட்சியான சிபிஎஸ் இதை எடுத்து மறுஒளிபரப்பு செய்தது. ஒரு கடை கழித்துக்கட்டிய சரக்குக்கு எதிர்க்கடையில் கிராக்கி! அதுவரை சரி. அப்புறம் இரண்டிரண்டு பகுதிகளை ஒட்டித் தொலைக்காட்சிப் படங்கள் என்று விற்றார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் முதலில் பார்த்ததே அப்படி ஒன்றைத்தான். இந்தக் கொலைக்கும் அந்தக் கொலைக்கும் என்ன தொடர்பு என்று கடைசிவரை மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு தொடர்பும் இல்லை. வேறு வேறு வாரத்துக் கதைகள்.

இதைத் தயாரித்த க்வின் மார்ட்டினின் தொடர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாடகம் மாதிரி ஒவ்வொரு அங்கமும் திரையில் எழுத்துப் போட்டுத் தொடங்கும், கடைசியில் 'எபிலாக்' (முடிவுரை) என்று ஒரு சின்னத் துண்டு வரும். குற்றவாளி பிடிபட்ட பிறகு வரும் அந்த ஓரிரு நிமிடம்தான் மூச்சுவிட இடம். பிடித்தவனும் பிடிபட்டவனும் ஒரே ஊர்க்காரர்கள் என்றால் அந்த இடம் இன்னும் வேண்டும். இரண்டு கதைகளை ஒட்டினால் முதலில் பலியாவது அதுதான்.

இன்னொன்று. 1970இல் வந்த 'ஹவுஸ் ஆன் கிரீனாப்பிள் ரோடு' தொலைக்காட்சிப் படத்தில்தான் டான் ஆகஸ்ட் முதலில் தலைகாட்டினான். நடித்தவர் கிறிஸ்டோபர் ஜார்ஜ். முடிந்தால் அதையும் முன்னால் சேருங்கள். ரெனால்ட்ஸைத் தேடி வருபவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள், முழிக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய தொடர் பைத்தியம் ஒருவன்