கம்பி மூடி பாட்டில் பத்தி மாப்ளைக்கு

மாப்ள,

உன் லெட்டர் வந்து 3 வாரம் ஆச்சு, திட்டாத. இங்க ஷிஃப்ட மாத்தி மாத்தி போட்டு உயிர எடுக்கறானுங்க, வீட்டுக்கு வந்தா சின்னவளுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கணும், அதுவும் ஜெர்மன்ல, கணக்கு எனக்குத் தெரியும் கேள்விதான் புரியாது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதியிருந்த, கேட்டு நிம்மதியா இருந்துச்சு. உன் முட்டி எப்படி இருக்கு? படிக்கட்டு ஏற முடியுதா இல்ல இன்னும் கீழ சோபாலதான் படுக்கையா?

சரி மேட்டருக்கு வர்றேன். நீ அங்க இங்கிலாந்துல, கோவன்ட்ரில, பீர் காய்ச்ச ஆரம்பிச்சிருக்கேன்னு படிச்சதும் சிரிச்சு சிரிச்சு உன் தங்கச்சி என்னன்னு கேக்க வந்துட்டா. ஹாஸ்டல்ல டீ போடச் சொன்னா பால பொங்க விட்டு ரூம் பூரா நாறடிச்ச பய நீ. இருந்தாலும் எல்லாம் ரெடியா டப்பால வர்ற 40 பைன்ட் (23 லிட்டர்) கிட்டோட ஆரம்பிச்சது நல்ல முடிவு, எடுத்தவுடனே மொளகட்டுன பார்லி, அதான் மால்ட், வாங்கி அரைக்கிறேன்னு கெளம்பாம. ஆனா லெட்டர் கடைசில ஒரு வரி எழுதியிருந்த பாரு, "சதுரமா கண்ணாடி மாதிரி தெளிவா ஸ்டைலா, கம்பியால அமுக்கிப் பூட்டற கம்பி மூடி போட்ட பாட்டில் ஒண்ணு கடைல பாத்தேன், 24 வாங்கலாம்னு இருக்கேன்"னு, அதப் படிச்சதும் சிரிப்பு நின்னு போச்சு. வாங்கிட்டியா? வாங்கியிருந்தா நல்லெண்ணெய் ஊத்தி வை, எலுமிச்சை சிரப் ஊத்தி வை, பீர் மட்டும் ஊத்தாத. ஏன்னு சொல்றேன், இது நான் உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத கதை.

நான் காய்ச்ச ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம், ஜூலை மாசம், இங்க வெயில் நம்ம திண்டுக்கல்ல தோக்கடிக்கிற மாதிரி அடிச்ச ஒரு வாரம். வீட்டு சாமான் விக்கிற கடைல தள்ளுபடில அதே மாதிரி சதுர பாட்டில் 10 வாங்கி கோதுமை பீர் நெரப்பி எங்க அபார்ட்மென்ட் கெல்லர்ல வச்சேன். கெல்லர்னா தரைக்கு அடில ஆளுக்கு ஒரு தடுப்பு, நடுவுல மரச் சட்டம்தான், பக்கத்து வீட்டு சாமான் எல்லாம் தெரியும். ஈஸ்ட் சர்க்கரையத் தின்னு பொங்கி முடிஞ்சுதான்னு சரியா பாக்கவும் இல்ல, நுரை அடங்கிருச்சு போதும்னு ஊத்திட்டேன். ஒம்போதாம் நாள் ராத்திரி 2 மணிக்கு சத்தம். மொதல்ல ஒண்ணு, அது செதறி பக்கத்துல இருந்தத அடிச்சு இன்னொண்ணு. காலைல போய் பாத்தா பக்கத்து வீட்டு பாட்டியோட உருளைக்கிழங்கு மூட்டை பூரா பீரு, கிழங்குல எல்லாம் கண்ணாடிச் சில்லு குத்தி நிக்குது. அந்த நேரத்துல பொண்ணு கீழ சைக்கிள் எடுக்கப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு உன் தங்கச்சி கேட்டா, அதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லடா.

விஷயம் என்னன்னா, சாதாரண பீருக்கு லிட்டருக்கு 5 கிராம் கார்பன் டை ஆக்சைடு உள்ள இருக்கும், ரூம் சூட்டுல அது கிட்டத்தட்ட 2 பார் பிரஷர், அதாவது உன் கார் டயர்ல இருக்கிற காத்து. கோதுமை பீருக்கு 7 கிராம் வரைக்கும் போவாங்க, அப்போ 3 பாரு. இத தாங்கறதுக்குன்னே செஞ்ச பாட்டில் உருண்டையா, கனமா, தோள் வளைஞ்சு இருக்கும். சதுர பாட்டில்ல பிரஷர் சமமா பரவாது, தட்டையான பக்கம் வெளிய பிதுங்கப் பாக்கும், பாரம் பூரா மூலைல போய் விழும், அந்தக் கண்ணாடியும் மெலிசு. மூடி என்னமோ ஒரே மாதிரி கம்பி மூடிதான், அதனாலதான் நாம ஏமாந்துடறோம். மூடி நல்ல மூடியா இருந்தா இன்னும் மோசம், காத்து எங்கயும் கசியாது பாரு.

அதனால காலி பாட்டில் வாங்காத, பீரோட பாட்டில் வாங்கு. குடிச்சுட்டு கழுவி வச்சுக்க, இத விட சொகமான ஷாப்பிங் உண்டா? இங்க எங்களுக்கு வசதி, ஃப்ளென்ஸ்பர்கர், மன்ஷ்ஹோஃப் மாதிரி பீரெல்லாம் கம்பி மூடிலதான் வருது, சாதா பீர் பாட்டிலுக்கு டெபாசிட் 8 சென்ட், கம்பி மூடிக்கு 15 சென்ட், 20 பாட்டிலும் அந்த பிளாஸ்டிக் பெட்டியும் சேத்து டெபாசிட் நாலரை யூரோதான். உனக்கு அங்க க்ரோல்ஷ் பீர் கம்பி மூடி பாட்டில்ல கெடச்சா விடாத, 450 மில்லி, நல்ல கனம், ஆனா பச்சைக் கலர். பீருக்குப் போடற ஹாப்ஸ் பூவுல இருக்கிற கசப்பு மேல வெளிச்சம் பட்டா ஒரு நாத்தம் வரும் பாரு, வெயில்ல வச்ச பீர நீயும் குடிச்சிருப்ப, பச்சைக் கண்ணாடி அத தடுக்காது, பழுப்புதான் தடுக்கும். பச்சையோ வெள்ளையோ இருந்தா அட்டைப் பெட்டிக்குள்ள மூடி வை, அவ்வளவுதான் விஷயம். காலியாதான் வாங்கியே தீருவேன்னா ஹோம்ப்ரூ சாமான் விக்கிற கடைல "கேஸ் தாங்கும்"னு போட்டிருக்கிற பழுப்பு அரை லிட்டர கேளு.

அளவுன்னா என் ஓட்டு அரை லிட்டருக்குத்தான். உன் 23 லிட்டர்ல அடில மண்டி போக 42, 43 பாட்டில் தேறும். ஒரு லிட்டர் பாட்டில் பாக்க கெத்தா இருக்கும், கழுவற வேலையும் பாதி, ஆனா தொறந்தா முடிச்சாகணும். மூடிதான் திரும்ப பூட்டலாமேன்னு நெனைப்ப, பூட்டலாம், மறுநாள் குடிச்சுப் பாரு தெரியும்.

இப்போ முக்கியமான எடம், ரப்பர். கம்பி மூடில எல்லாரும் பாக்கறது கம்பியையும் அந்த வெள்ளை பீங்கான் குமிழையும், வேலை செய்யறது என்னமோ அந்த சிவப்பு ரப்பர் வளையம்தான். நம்ம ஊர்க்காரன் நீ, பூட்டு வாங்கும்போது மேல மினுமினுப்பப் பாக்காம உள்ள லீவர் எத்தனைன்னு கேப்பல்ல, அதே மாதிரி. கோலி சோடாவ நெனச்சுப் பாரு. பஸ் ஸ்டாண்டு கடைல கட்டை விரல வச்சு ஒரு குத்து குத்துவாரே, அதுலயும் கழுத்துக்குள்ள ரப்பர் வளையம் இருக்கும், உள்ள இருக்கிற கேஸ் கோலிய மேல தள்ளி அந்த ரப்பர்ல அமுக்கும், பிரஷர் ஏற ஏற பூட்டு இறுகும். இங்கிலாந்துல ஹைரம் காட்-னு ஒருத்தர் 1872ல பேட்டன்ட் வாங்குன டிசைன் அது, உன் நாட்டு சரக்குதான். இந்தக் கம்பி மூடி அதுக்கு 3 வருஷம் கழிச்சு, 1875ல, நியூயார்க்ல சார்ல்ஸ் டி க்வில்ஃபெல்ட்-னு ஒருத்தர் பேட்டன்ட் வாங்கினது. இது நேர் எதிர், வெளிய இருந்து கம்பி அழுத்துது, உள்ள இருந்து கேஸ் தூக்கப் பாக்குது, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது அந்த ரப்பர். அப்புறம் 1892ல கிரவுன் மூடி, அதான் ஓப்பனர் போட்டு நெம்பற தகர மூடி, வந்து ரெண்டு பேர் பொழப்பையும் கெடுத்துருச்சு, ஆனா எங்க நூர்ன்பெர்க் இருக்கிற ஃப்ராங்கன் பக்கம் பீர் காய்ச்சற சின்னச் சின்ன ப்ரூவரிகாரனுங்க சில பேரு இன்னும் கம்பி மூடிய விடல, நம்மாளுங்க கோலி சோடாவ விடாத மாதிரி.

ரப்பர் போச்சான்னு எப்படிப் பாக்கறது? கழட்டி விரல்ல ரெண்டா மடி, வெளிய வெடிப்பு தெரிஞ்சா தூக்கிப் போடு. ஒரு பக்கம் தட்டையா பள்ளம் விழுந்திருந்தா திருப்பிப் போட்டு இன்னொரு தடவ ஓட்டலாம்பாங்க, நானும் ஓட்டுனேன், 20ல 4 பாட்டில் கேஸே இல்லாம தண்ணி மாதிரி வந்துச்சு. கஞ்சத்தனம் வேணாம், அம்பது வளையம் ஒரு பாக்கெட், காசு ஒண்ணும் பெருசா இல்ல. புது ரப்பர்ல ஒரு டயர் வாசம் வரும், ஒரு கொதி விட்டு எடுத்தா போயிரும். மூடும்போது கைல தெரியணும், கம்பிய கீழ தள்ளறப்போ கொஞ்சம் மல்லுக்கட்டணும், சும்மா வழவழன்னு விழுந்தா கம்பி இளகியிருக்கு, இல்ல ரப்பர் செத்திருக்கு. பீங்கான் குமிழ்ல விளிம்பு உடைஞ்சிருந்தா அதையும் ஒதுக்கிரு, பிளாஸ்டிக் குமிழ் வருது பாரு, அழகு கம்மி ஆனா கீழ போட்டாலும் உடையாது.

கழுவறதுல ஒரே ஒரு ரூல்தான், குடிச்ச உடனே அலசிரு. அடில ஈஸ்ட் மண்டி காஞ்சு ஒட்டுச்சுன்னா அப்புறம் பிரஷ் போட்டாலும் போகாது, வாஷிங் சோடாவும் வெந்நீரும் போட்டு ஒரு ராத்திரி ஊற வைக்கணும். பாத்திரம் கழுவற சோப்பு போடாத, சரியா அலசலன்னா நுரை நிக்காது. ப்ளீச் பக்கம் போகவே போகாத, கம்பிய அரிச்சுரும். நெரப்பற அன்னிக்கு கிருமி கொல்ற ஸ்டார் சான் மருந்து கரைச்சு உள்ள விட்டு ஒரு சுத்து, மூடியையும் அதுல முக்கி எடு, ரப்பரக் கழட்டி அதுக்கு அடிலயும் பாரு, கருப்பா பூசணம் ஒளிஞ்சிருக்கும், நான் ஒரு தடவ பாத்துட்டு 2 நாள் பீரே குடிக்கல (சரி, ஒரு நாள்).

பாட்டிலுக்குள்ள கேஸ் ஏத்தறதுக்குப் போடற சர்க்கரை கணக்கு எழுதிக்க. 20 டிகிரில பொங்குன பீர்ல ஏற்கனவே லிட்டருக்கு 1.7 கிராம் கேஸ் கெடக்கும். நமக்கு வேணும்கறது 5. பாக்கி 3.3. ஒரு கிராம் சர்க்கரை பொங்குனா சுமாரா அரை கிராம் கேஸ் குடுக்கும், அப்போ லிட்டருக்கு 6.5 கிராம் சர்க்கரை, மண்டி போக மிஞ்சற 21.5 லிட்டருக்கு 140 கிராம். பாட்டில் பாட்டிலா ஸ்பூன்ல போடாத, பேச்சு சுவாரசியத்துல ஒண்ணுல ரெண்டு தடவ போட்டுருவ, உன்ன எனக்குத் தெரியும். கொஞ்சம் தண்ணில சர்க்கரையக் கொதிக்க வச்சு இன்னொரு சுத்தமான வாளில ஊத்தி அதுமேல பீர மெதுவா டியூப் வழியா எறக்கு, சலசலன்னு ஊத்துனா காத்து கலந்து அட்டைய நனைச்ச மாதிரி ருசி வரும். மேல ரெண்டு, மூணு சென்டிமீட்டர் எடம் விடு.

இதெல்லாம் எப்போ? பீர்ல மிச்ச சர்க்கரைய மிதந்து காட்டற ஹைட்ரோமீட்டர் 3 நாள் ஒரே நம்பர் காட்டுனதுக்கு அப்புறம். இதத்தான் நான் அன்னிக்கு செய்யல. கிட் டப்பால "7 நாள்"னு போட்டிருப்பான், டப்பாவுக்கு என்ன தெரியும் உன் வீட்டு சூடு. மிச்சம் இருக்கிற சர்க்கரையும் பாட்டிலுக்குள்ள பொங்குச்சுன்னா எந்த பாட்டிலா இருந்தாலும் சரி, தாங்காது. கம்பி மூடி பிரஷர் கூடுனா தானா விட்டுரும்னு உன் ஃப்ரெண்டு சொன்னான்னு எழுதியிருந்தியே, அவன நம்பாத. சில பாட்டில்ல ரப்பர் பழசா இருந்தா கசியும், புது ரப்பர் போட்டதுல கண்ணாடி முந்திக்கும்.

ஒரு ஐடியா சொல்றேன், ஒரே ஒரு அரை லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் அதே பீர ஊத்தி கூடவே வை. தெனம் அமுக்கிப் பாரு, கல்லு மாதிரி ஆனா கேஸ் ஏறிருச்சுன்னு அர்த்தம். நான் இப்போ கம்பி மூடிலயே மாட்டற மாதிரி ஒரு பிரஷர் மீட்டர் வாங்கி ஒரு பாட்டில்ல மாட்டி வச்சிருக்கேன், காலைல பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி கெல்லர்ல எறங்கி அதப் பாக்கறேன்னு வீட்டுல கிண்டல். ரெண்டு வாரம் ரூம் சூட்டுல, அப்புறம் ஃப்ரிட்ஜ். மீட்டர் எகிறுதுன்னா கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ், மேல டவல், நல்லா ஆற வச்சு, குளுந்தா பிரஷர் பாதிக்கும் கீழ எறங்கிரும், கம்பிய லேசா தூக்கி புஸ்ஸுன்னு விட்டுட்டு திரும்ப பூட்டிரலாம். கிரவுன் மூடில இந்த சலுகை இல்ல, அதுக்காகவே எனக்கு கம்பி மூடி புடிக்கும். அந்த "ப்ளாப்" சத்தத்துக்காகவும்தான், ஒத்துக்கறேன்.

பாட்டி கதைய முடிக்கல பாரு. புதுசா கிழங்கு மூட்டை, கூட ஒரு டப்பா பருப்பு வடை எடுத்துட்டுப் போய் மன்னிப்பு கேட்டேன். அந்தம்மா வடையக் கடிச்சுக்கிட்டே என்ன ஒரு மாதிரி பாத்து, பாட்டில் இல்லன்னா என்னக் கேட்டிருக்கலாமேன்னு உள்ள போய் ஒரு மரப்பெட்டி எடுத்துட்டு வந்துச்சு. வீட்டுக்காரர் காலத்துது, பீங்கான் குமிழ்ல எப்பவோ மூடிப் போன ப்ரூவரியோட பேரு, கம்பி எல்லாம் துரு, ரப்பர் தொட்டா உதிருது. கண்ணாடி மட்டும் யானைக்கால் மாதிரி. புதுக் கம்பி, புது ரப்பர் போட்டேன், பழைய குமிழ மட்டும் மாத்தல. 16 பாட்டில், ஒவ்வொரு தடவயும் ரெண்டு அவங்க வீட்டுக்குப் போகுது, கசப்பு பத்தலன்னு ஒவ்வொரு தடவயும் குறை சொல்லிட்டு காலி பாட்டில கழுவித் திருப்பித் தரும்.

தங்கச்சிகிட்ட நான் கேட்டதா சொல்லு. ரப்பர் வளையம் ஒரு பாக்கெட் இதோட கவர்ல வச்சு அனுப்பறேன், 50 இருக்கும், எண்ணிக்க. அந்த சதுர பாட்டில் வாங்கிட்டியா இல்லையான்னு மட்டும் ஒடனே ஒரு மெசேஜ் போடு.

மச்சான்
நூர்ன்பெர்க்