விடுதலை நாள் விழாவும் மறுநாள் காலையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக நடந்துவருகிறது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றுள்ளனர். காலாண்டுத் தேர்வுக்குப் பாடங்கள் உரிய காலத்தில் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 15 விழாவுக்குப் பெருந்திரளாக வந்திருந்தீர்கள். பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் அப்பாக்களையும் அன்று பார்க்க முடிந்தது. கொடியேற்றம், மிட்டாய், திருப்பூர் குமரன் நாடகம் என எல்லாம் மனம் நிறையும்படி அமைந்தன.

ஆனால், மறுநாள் காலை நான் கண்டதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, சாக்கடை ஓரம் எங்கும் மூவர்ணக் கொடிகள் கிடந்தன. பெரும்பாலும் பிளாஸ்டிக். சில, குண்டூசியோடு. தெருவைக் கூட்டும் அம்மாவுக்கு அவற்றைக் குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவி, நம் சுற்றுச்சுவரின் மேல் காயவைத்திருந்தார்.

பிள்ளை கேட்டால் சிக்னலில் ஒன்று வாங்கிக் கொடுக்கிறோம், ஆசையில் செய்வதுதான். முன்கூட்டியே நாங்களும் அறிவுறுத்தியிருக்க வேண்டும். இருந்தாலும் சிலவற்றை நினைவூட்டுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே பிளாஸ்டிக் கொடிக்குத் தடை இருக்கிறது. 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை. விழாக்களில் காகிதக் கொடியை அசைக்கலாம். ஆனால் விழா முடிந்ததும் தரையில் எறியக் கூடாது என்கிறது 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு. 1932 ஜனவரியில் தடியடிபட்டு விழுந்தபோதும் கொடியைக் கைவிடாத குமரன் உயிர்நீத்த ஊர் இது. அவர் வேடமிட்ட மாணவனுக்குக் கைதட்டிவிட்டு, அதே தெருவில் கொடியை மிதித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம்.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வரும் ஜனவரி 26 அன்று பிளாஸ்டிக் கொடியுடன் யாரும் வளாகத்துக்குள் வர அனுமதியில்லை. சட்டையில் குத்தியிருந்தாலும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம். இதில் எந்த வகுப்புக்கும் விலக்கு இல்லை.

அதற்கு மாற்றாக, ஓவிய ஆசிரியர் வகுப்பு வாரியாகக் காகிதக் கொடி செய்யக் கற்றுத் தருவார். நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு, சக்கரத்தில் 24 ஆரங்கள் என்று அளந்து வரைந்த கொடியைப் பிள்ளைகள் எளிதில் எறிய மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. விழா முடிந்ததும் வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்போம். கொடிகளை அதில் சேர்த்துவிடுங்கள். உரிய மரியாதையோடு அப்புறப்படுத்துவது எங்கள் பொறுப்பு. வீட்டில் கசங்கிய, கிழிந்த கொடி இருந்தால் அதையும் கொடுத்தனுப்பலாம்.

சொல்லாமலேயே குனிந்து கொடிகளைப் பொறுக்கிக் கொடுத்த சில பெற்றோர்களை அன்று பார்த்தேன். அவர்களுக்கும், நாடகத்துக்கு இரவெல்லாம் கதராடை தைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கும், விடுமுறை நாளில் ஓய்வை விட்டு வந்த உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சுவரில் காய்ந்த கொடிகள் இப்போது என் அறை அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்