ஒரு லிட்டர் பாட்டிலும் மூன்றாம் மாடிச் சாவியும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடை முதலாளிகள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளில் ஒன்றில், சேலைப் பிரிவில், 19 வருடங்களாக நிற்கிறேன். 'வேலை செய்கிறேன்' என்று எழுதத்தான் நினைத்தேன். கை 'நிற்கிறேன்' என்று எழுதிவிட்டது. அதுவும் உண்மைதான், அடிக்காமல் விடுகிறேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற முதலாளிகள் எல்லாம் அந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

போன மகளிர் தினத்தன்று கடை திறக்கும் முன் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு ரோஜாப்பூவும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். பாட்டிலின் மேல் 'உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்' என்று அச்சடித்திருந்தது. முதலாளி ஐயா பேசினார். சுவர் இருந்தால்தான் சித்திரம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வீட்டுக்காகவே உழைக்கும் நீங்கள் உங்கள் உடம்பையும் கொஞ்சம் பாருங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாங்களும் கைதட்டினோம்.

அந்தப் பாட்டிலைத் தினமும் நிரப்பிக்கொண்டு வருகிறேன். இரவு வீட்டுக்குப் போய் மிச்சத்தைத் துளசிச் செடிக்கு ஊற்றுகிறேன். செடி நன்றாக இருக்கிறது.

எங்கள் கடையில் கழிவறை மூன்றாம் மாடியில், சரக்கு அறைக்குப் பின்னால் இருக்கிறது. சாவி கீழே கல்லாவில். கல்லாவைச் சுற்றி எப்போதும் பில் போடக் கூட்டம் நிற்கும். அத்தனை பேர் நடுவில் கை நீட்டிச் சாவி கேட்க வேண்டும். கேட்டால் சூப்பர்வைசர் திட்ட மாட்டார், மறுக்கவும் மாட்டார். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து நாங்கள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். ஒரே வாரத்தில் இந்த வித்தை அவளுக்கும் வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாதவிலக்கு நாட்களில் என்ன பாடு படுகிறோம் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. படிக்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால் தாண்டிப் போகிறேன்.

போன கத்திரியில் எனக்கு நீர்க்கடுப்பு வந்து, நடுக்கும் குளிர்க் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டரம்மா. உள்ளே நுழையும் கிருமியை வெளியே தள்ளுவது சிறுநீர்தான், அடக்கி அடக்கி வைத்தால் அது உள்ளேயே தங்கிப் பெருகும், பெண்களுக்கு அந்தப் பாதை நீளம் குறைவு என்பதால் சீக்கிரம் மேலே ஏறிவிடும், அசட்டையாக விட்டால் சிறுநீரகம் வரை போகும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில் அவரும் அதையேதான் சொன்னார்: "உங்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சாவி கல்லாவில் இருக்கிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? விடுப்பு எடுத்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

அடுத்தது கால். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. நின்ற இடத்திலேயே நின்றால் அது கீழே தேங்கி, நரம்பு சுருண்டுகொள்கிறது. எங்கள் பிரிவில் மூத்தவர்கள் யாரும் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுவதில்லை. ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

கடையில் நிற்கும் ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். நம் மாநிலத்திலும் 2021-ல் திருத்தம் வந்தது. எங்கள் கடையிலும் உடனே இரண்டு ஸ்டூல் வாங்கினார்கள். ஒன்றின் மேல் அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. இன்னொன்றில், பட்டுப்பாவாடை கட்டிய பொம்மை உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பொம்மைக்கு நரம்பு சுருளாது.

சாப்பாட்டு நேரத்துக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் நாங்கள் சரக்கு அறையில் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிடுகிறோம்.

இது உங்கள் ஊர்க் கதை என்பதால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். எங்கள் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர். அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முதலில் ஓடியாடியவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள். மில் ஆட்கள் அல்ல, உங்களைப் போல வியாபாரம் செய்தவர்கள். அன்றைக்குத் தொழிலாளர்கள் சொன்ன பெரிய குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. நூறு வருடம் கழித்து நானும் அதே சோற்றைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் நாங்கள் உடம்பைப் பார்க்கிறோமா என்று கேட்பீர்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக வந்ததாம். கல்லூரியில் படிக்கும் என் மகள் வாசித்துக் காட்டினாள். "97 நிமிடமா? யார் வீட்டில்?" என்று கேட்டேன். அதற்கு வேறொரு மடல் எழுத வேண்டும், அது வேறு முகவரிக்கு.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பத்தடி அகலக் கடைக்கு நீங்கள் கொடுக்கும் வாடகையில் கழிவறைக்கு இடம் ஒதுக்குவது சுலபமில்லை. சில கடைகளில் அது அறவே இல்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் தெரிந்த வீடுகளைத் தேடி ஓடுகிறார்கள். ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்து பக்கத்துச் சந்தில் ஒரு அறை பிடித்து, சுத்தம் செய்ய ஒரு ஆளையும் போட்டால் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுங்கள். சீரியல் விளக்குக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் வரும் என்பது என் ஊகம். கூட்டம் இல்லாத மதிய வேளையில் ஆள் மாற்றி ஆள் உட்காரவிட்டால் உங்கள் வியாபாரம் படுத்துவிடாது. சேலையை உட்கார்ந்துகொண்டும் மடிக்கலாம்.

எங்கள் முதலாளி ஐயா இதைப் படித்தால் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார். பரவாயில்லை. ஐயா, இந்தத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வேண்டாம். மாடிப்படி ஓரத்தில் ஒரு ஆணி அடித்து அந்தச் சாவியை மாட்டிவிடுங்கள். பொம்மையையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் சேலைப் பிரிவுக்காரி