தடித்த ஸ்வே பார் வாங்குவதற்கு முன்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. மகள் இப்போது தனியாகவே வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாள், கரடுமுரடான பாதையிலும் பதறாமல் ஓட்டுகிறாள் என்று எழுதியிருந்தாய். படிக்கவே ரொம்ப சந்தோஷமாக இருந்தது, அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லாரும் நலம். என் தோள்பட்டை வலி ஒருவழியாக விட்டுவிட்டது. மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்க முடிகிறது. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை 50 மி.மீ. உயர்த்தியதிலிருந்து வளைவுகளில் சாய்கிறது, அதனால் முன்னும் பின்னும் தடித்த ஸ்வே பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதை எதிர்க்கும் கம்பி, போடப்போகிறேன் என்கிறாய். இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள். சாலையில் மட்டும் ஓடும் கார் என்றால் நானே போடு என்பேன். உன் வண்டி பாதி நாள் பாறையிலும் பள்ளத்திலும் கிடக்கிறது. அங்கே தடித்த பார் உனக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

முதலில் நீ கவனித்து எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. நீண்ட வளைவில் சீரான வேகத்தில் போகும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிற்கிறதா? அல்லது வளைவு முடிந்த பிறகும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆடி அடங்குகிறதா? சாய்ந்து நிற்பது ஸ்பிரிங்கும் பாரும் சம்பந்தப்பட்டது. ஆடி அடங்குவது ஷாக் அப்சார்பர் வேலை. ஷாக் எவ்வளவு வேகமாகச் சாயலாம் என்பதைக் கட்டுப்படுத்தும், எவ்வளவு தூரம் சாயலாம் என்பதை அல்ல. ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தியவர்கள் பலர் பழைய ஷாக்கையே விட்டுவைப்பார்கள். அப்புறம் வரும் ஆட்டத்துக்குப் பாரைக் குறை சொல்வார்கள். பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கும் பாருக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஒரே அளவு ஏறி இறங்கும்போது பார் தன் புஷ்களுக்குள் (அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள்) சும்மா உருளும். ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். வேலை அவ்வளவுதான். 1919-இல் கனடாக்காரர் ஸ்டீபன் கோல்மன் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து அடிப்படை மாறவே இல்லை.

அந்த எதிர்ப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். இந்த ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொள். 25 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 28 மி.மீ. போட்டால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் விறைப்பு 57 சதவீதம் கூடிவிடும். 30 மி.மீ. போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். கம்பியின் நடுப்பகுதி முறுக்கத்தில் பெரிதாக உழைப்பதில்லை என்பதால் உள்ளே குழாயாக இருக்கும் பாரும் நன்றாகவே தாங்கும். 32 மி.மீ. பாரில் 22 மி.மீ. துளை இருந்தால் எடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும், விறைப்பு 22 சதவீதம்தான் குறையும். இன்னொன்று, பாரின் கை, அதாவது இரு முனையிலும் மடங்கி நிற்கும் பகுதி, எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். கை நீண்டால் பார் மென்மையாகும். சில பார்களில் கை நுனியில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டான லிங்க்கை உள் துளைக்கு மாற்றினால் விறைக்கும், வெளித் துளைக்கு மாற்றினால் இளகும். வாங்குவதாக இருந்தால் அப்படித் துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்கு.

இப்போது பாதையை நினைத்துப் பார். குறுக்கும் நெடுக்குமாகக் குழி விழுந்த ஏற்றம். இடது முன்சக்கரம் மேட்டில் ஏறுகிறது, வலது முன்சக்கரம் பள்ளத்துக்குள் தொங்க வேண்டும். தடித்த பார் அதைத் தொங்க விடாது. மேலே போன சக்கரத்தோடு சேர்த்து அதையும் தூக்கிப் பிடிக்கும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் லாக் இல்லாவிட்டால் இன்ஜினின் சக்தி முழுக்க அந்த அந்தரத்துச் சக்கரத்தைச் சுற்றுவதில் போய்விடும். நீ ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்துவாய், வண்டி நகராது, அல்லது திடீரென்று பிடித்துக் குதிக்கும். ஆக்சில் ஷாஃப்ட் உடைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். அப்புறம் உள்ளே இருப்பவர்களின் கழுத்து. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறும் ஒவ்வொரு முறையும் விறைத்த பார் மொத்த உடலையும் பக்கவாட்டில் வெட்டி இழுக்கும். பாரைக் கழற்றிவிட்டு அதே பாதையில் போனால் சக்கரங்கள் கீழே தனியாக ஏறி இறங்கும், மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் குலுக்கல் பாதிகூட வராது. இந்தச் சுகத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதல் தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.

பெரிய நிறுவனங்கள் இவ்வளவு செலவு செய்து கழற்றி மாட்டும் வழியைத் தேடியதும் இதற்காகத்தான். 2007 முதல் ஜீப் ராங்லர் ரூபிகானில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன் பார் இரண்டாகப் பிரிந்துவிடும், மணிக்குச் சுமார் 29 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தானே சேர்ந்துகொள்ளும். ஃபோர்டு ப்ரான்கோவில் பார் முறுக்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஹைட்ராலிக் முறையில் விடுவிக்கலாம், அது நிஜமாகவே நல்ல வேலை. டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் என்ற அமைப்பில் முன் பின் பார்கள் இரண்டையும் ஹைட்ராலிக் குழாய்கள் இணைக்கின்றன. சாலையில் விறைப்பு, பாதையில் தளர்வு, ஓட்டுநர் எதையும் தொட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. ஆனால் வண்டி வாங்கிய பிறகு நம் கையால் மாட்ட முடியாது.

நமக்கு உள்ள வழி கையால் கழற்றும் லிங்க். முன்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு ஆக்சில் உள்ள உன் வண்டிக்கு அதுதான் என் சிபாரிசு. கம்பெனி கொடுத்த முன் பாரை அப்படியே வைத்துக்கொள். இரண்டு பக்க லிங்க்கையும் எடுத்துவிட்டு, பின்னை உருவினால் கழன்றுவிடும் லிங்க்கை மாட்டு. பாதை தொடங்கும் இடத்தில் இறங்கிக் கழற்று, முடிந்ததும் மாட்டு. கழற்றிய பாரின் கைகளை மேலே சேஸிஸோடு இறுகக் கட்ட வேண்டும். டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசினால் பெரிய ஆபத்து. நான் இதைத்தான் வைத்திருக்கிறேன், என் வண்டிக்கு இதைவிட நல்ல மாற்றம் எதுவும் நான் செய்ததில்லை.

ஆனால் லிங்க் நீளம். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். உன் பார் சேஸிஸில் இருக்கிறது, லிங்க் அதை ஆக்சிலோடு இணைக்கிறது. வண்டியை 50 மி.மீ. உயர்த்தியபோது சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே அதே 50 மி.மீ. கூடியது. பழைய லிங்க்கையே விட்டிருந்தால் பாரின் கைகள் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கும். தட்டையான தரையில் நிறுத்திப் பார். கை ஏறக்குறைய கிடைமட்டமாகவும், லிங்க் கைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். கை ஏற்கனவே கீழே சரிந்திருந்தால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது கையும் லிங்க்கும் ஒரே கோட்டில் வந்துவிடும். அதைத் தாண்டினால் கை மறுபக்கம் மடங்கிக்கொள்ளும், திரும்பி வராது. மடங்கிய நிலையில் சக்கரம் மேலே வந்தால் ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும். நீ சாய்வதாகச் சொல்லும் தொல்லையில் ஒரு பகுதி இந்தத் தவறான கோணத்தால்கூட இருக்கலாம், ஏனென்றால் கோணம் கெட்டால் பார் தன் விறைப்பைச் சரியாகக் காட்டாது. முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் வண்டி என்றால் கணக்கு வேறு. அங்கே லிங்க் கீழ்க் கையின் நடுவில் எங்கோ மாட்டியிருக்கும், உயர்த்திய அளவு முழுவதும் லிங்க்கில் வராது.

நீளம் சரிசெய்யும் வசதி ஒரு பக்க லிங்க்கிலாவது இருந்தால் நல்லது. சமதளத்தில் நிறுத்தி, இரண்டாவது லிங்க்கின் போல்ட் கையால் தள்ளினாலே உள்ளே போகும் வரை நீளத்தைச் சரிசெய். நெம்பி மாட்டினாய் என்றால் பார் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், வண்டி ஒரு பக்கமாக நிற்கும்.

புஷ்களையும் பார்த்துவிடு. மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளத்தில் முன்னால் டக் டக்கென்று சத்தம் வருகிறதா? அநேகமாக லிங்க்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும். தேய்ந்த புஷ் இருந்தால் பார் வேலையைத் தொடங்குவதற்குள் வண்டி பாதி சாய்ந்துவிடும். புது பார் வாங்கிப் பழைய புஷ்ஷில் மாட்டுவது பணத்துக்குக் கேடு. பாலியூரிதேன் புஷ் விறைப்பாகப் பிடிக்கும், ஆனால் சிலிகான் கிரீஸ் போடாவிட்டால் கீச்சிடும். சேற்றில் அடிக்கடி போகும் எனக்கு ரப்பரே போதும். லிங்க் நுனியில் உருண்டை ஜாயிண்ட் உள்ளவை கூர்மையாக இருக்கும், ஆனால் தூசியும் சேறும் அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்டு ராடு இருந்தால் அதன் புஷ்களையும் அசைத்துப் பார். அது தளர்ந்தால் ஆக்சில் பக்கவாட்டில் நகரும், ஓட்டுபவருக்கு அது சாய்வது மாதிரியே தெரியும். டயரில் காற்று குறைவாக வைத்துவிட்டு அப்படியே சாலையில் வந்தாலும் இதே உணர்வு வரும்.

பின் பார் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்: இப்போதைக்குத் தொடாதே. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும் எடை, வண்டியின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கர அகலம் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறாய் என்பதைப் பொறுத்தது. பார் அந்த மொத்தத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பங்கு போடுகிறது. முன்னால் விறைத்தால் முன்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழந்து வண்டி நேராகப் போகப் பார்க்கும். பின்னால் விறைத்தால் பின்பக்கம் முதலில் வழுக்கும். ஈரச் சாலையில், உயரமான வண்டியில், பின்பக்கம் விலகினால் மீட்பது கடினம். உன் மகள் ஓட்டுகிறாள் என்றபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். தடித்த பார்கள் போட்டதும் சாய்வது குறையும், வண்டி பத்திரமாகிவிட்ட மாதிரி தோன்றும், வேகமும் கூடும். கவிழும் எல்லையோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். கூரையில் நீ ஏற்றி வைத்திருக்கும் ஸ்பேர் டயரையும் பெட்டியையும் கீழே இறக்கினால் அந்த எல்லை உண்மையிலேயே தள்ளிப்போகும். காசு செலவில்லாத வேலை, இன்றைக்கே செய்.

கழற்றுவதால் வரும் பக்கவிளைவுகளும் உண்டு. சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும், எனவே பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் அந்த நீளத்துக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகுகிறதா, எதிர்ப்பக்க டயர் மட்காடில் முட்டுகிறதா என்பதையும். ஒரு முன்சக்கரத்தை மெதுவாக மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, நிதானமாக நான்கு பக்கமும் சுற்றி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும். பக்கச்சரிவில் குறுக்காகப் போக வேண்டிய பாதை என்றால் பார் மாட்டியே இருக்கட்டும். கழற்றியிருந்தால் உடல் பள்ளத்துப் பக்கம் இன்னும் சாயும், அந்த நேரத்தில் அது வேண்டாம்.

சாலைக்கு வரும்போது மாட்டாமல் வருவது என்ற பேச்சே கூடாது. திடீரென்று ஒதுங்க வேண்டி வந்தால் பார் இல்லாத முன்பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாது. உருவிய பின்களைப் போட ஒரு சிவப்புப் பை தைத்து ஸ்டீயரிங்கில் தொங்கவிடு. பை தொங்கினால் பார் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். உன் மகளுக்கும் கழற்றி மாட்டக் கற்றுக்கொடு, அவளே செய்து பழகட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் சாலையில் சாய்வது உனக்குப் பிடிக்கவில்லை என்றால், அப்போது முன் பாரை மட்டும் ஒரு படி தடித்ததாக மாற்றலாம். கழற்றும் லிங்க் ஏற்கனவே இருப்பதால் பாதையில் அது இடைஞ்சலாக இருக்காது.

அடுத்த கடிதத்தில் எனக்கு நான்கு அளவு எழுது: முன் பார் விட்டம், பின் பார் விட்டம், சமதளத்தில் நிற்கும்போது முன் லிங்க்கின் நீளம், பாரின் கை எந்தப் பக்கம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது. ஷாக் எப்போது மாற்றியது என்றும் சொல். அதைப் பார்த்து எந்த நீளத்தில் லிங்க் வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை ஆர்டர் கொடுக்காதே.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்