கொறங்காட்டில் இறைச்சிக்கூடம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

ஊரில் நீ கட்ட நினைக்கும் ஆட்டு இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பிய வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். அறுக்கும் அறை, வெட்டும் அறை, குளிரறை, பொட்டலம் கட்டும் மேசை எல்லாம் அளவோடு இருக்கிறது. கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு மட்டும் ஒரு கோடுகூட இல்லை. அதை எதிர்த்து ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவில் பாதிக்கு மேல் கழிவுநீரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் கிராம சபைக்குப் போகாதே.

ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் ஆடு அறுக்கும்போது வரிசையில் நிற்பவர்கள்தானே இன்று எதிர்க்கிறார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். உண்மைதான், ஆனால் அதைச் சபையில் சொல்லிக் காட்டாதே. நம் பக்கத்து விவசாயிகள் நொய்யல் ஆறு கெட்டதைப் பார்த்தவர்கள். திருப்பூர்ச் சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகள் உப்பேறி, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது. ‘யூனிட்’ என்று யார் வந்து நின்றாலும் அவர்களுக்கு முதலில் கிணறுதான் கண்ணில் தெரியும்.

முதலில் நிலத்தைப் பார். பட்டாவில் புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. நம் வருவாய் கிராமம் ஏதாவது முழுமைத் திட்டப் பகுதிக்குள் (மாஸ்டர் பிளான்) வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் புல எண்ணை (சர்வே நம்பர்) கொடுத்துக் கேள். வந்தால், அந்தப் புல எண் எந்த உபயோக மண்டலத்தில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கு. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள் இரண்டும் இங்கேதான் குறுக்கே வரும். விவசாய மண்டலம் என்றால் நில உபயோக மாற்றத்துக்கு மனுப் போட வேண்டியிருக்கும். இது முடியாமல் அஸ்திவாரம் தோண்டினால், எதிர்ப்பவர்களுக்கு நீயே ஆயுதம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

அடுத்தது அளவு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 உரிம விதிகளில், நாளுக்கு 10 ஆடு வரை அறுப்பவருக்குப் பதிவு போதும். அதற்கு மேல் 150 வரை மாநில உரிமம். 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளும் 10 ஆட்டிலிருந்துதான் ஓர் இடத்தை இறைச்சிக்கூடம் என்று எடுத்துக்கொள்கின்றன. நாளுக்கு 8 என்று வை, அதை எழுத்திலும் கொடு. ஆடிப் பதினெட்டுக்கும் தீபாவளிக்கும்கூட 8-தான். பெரும்பாலான கூடங்கள் ஊரின் நம்பிக்கையை இழப்பது பண்டிகை வாரத்தில்தான். 8-க்குக் கட்டிய தொட்டியில் 40 ஆட்டுத் தண்ணீர் விழுந்தால், அந்த நாற்றத்தை ஊர் வருஷம் முழுக்க மறக்காது. ஆடு அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்; அவர் யார், எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் இப்போதே பேசி வை.

இனி கணக்கு. 25 கிலோ மேச்சேரி இனச் செம்மறி ஆடு ஒன்றில் ஏறக்குறைய 12 கிலோ கறி நிற்கும். வடித்தெடுக்கிற ரத்தம் ஒரு லிட்டர், இரைப்பைச் சாணம் இரண்டு மூன்று கிலோ, கழுவுகிற தண்ணீர் கவனமாக இருந்தால் 80 லிட்டர். 8 ஆட்டுக்கு 8 லிட்டர் ரத்தம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு லிட்டர் ரத்தத்தைச் சிதைக்க 150 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். ஓர் ஆளின் ஒரு நாள் வீட்டுக் கழிவுநீருக்கு 50 கிராம் போதும். அந்த 8 லிட்டரைச் சாக்கடையில் விட்டால் 24 பேர் குடியிருக்கிற அளவுக்கான கழிவு. அதைத் தனியாகப் பிடித்துவிட்டால் மிச்சத் தண்ணீரைச் சமாளிப்பது சுலபம். ஆகவே உன் வரைபடத்தில் முதலில் வர வேண்டியது, ஆடு தொங்கும் கம்பிக்கு நேர் கீழே ஒரு ஸ்டெயின்லெஸ் தொட்டி. ரத்தம் வடிய நாலைந்து நிமிஷம் விடு, அவசரப்படுத்தாதே. தரையில் சிந்தியதை முதலில் ரப்பர் தள்ளியால் வழித்து வாளியில் எடுத்த பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். ஆட்கள் தண்ணீரைப் பீய்ச்சி எல்லாவற்றையும் வடிகாலுக்குத் தள்ளத்தான் பார்ப்பார்கள். நீ கூடவே நின்று பழக்க வேண்டிய வேலை இது.

வடிகாலில் சல்லடை, அதற்கடுத்துக் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி, பிறகு இரண்டு அறை கொண்ட மூடிய தொட்டி. கொழுப்புத் தொட்டியில் தண்ணீர் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், வாரம் ஒரு முறை மேலே படிந்ததை அள்ள வேண்டும். வெந்நீர் நேராக அதில் விழுந்தால் கொழுப்பு உருகித் தாண்டிப் போய் அடுத்த குழாயில் உறைந்து அடைக்கும். கத்தி, கொக்கி கழுவ 82 டிகிரித் தண்ணீர் வேண்டுமே, அந்தத் தண்ணீர் ஆறிய பிறகே வடிகாலுக்குப் போகிற மாதிரி வை.

உறிஞ்சுகுழி என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. நம் நிலம் மேலே செம்மண் சரளை, கீழே வெடித்த பாறை. குழியில் ஊற்றிய தண்ணீர் மளமளவென்று இறங்குவதைப் பார்த்து நல்ல நிலம் என்பார்கள். அவ்வளவு வேகமாக இறங்கும் தண்ணீர் வடிகட்டப்படாமல் பாறை வெடிப்பு வழியாகப் பக்கத்துக் காட்டுக் கிணற்றுக்குத்தான் போகும். தொட்டிகள் எல்லாம் சிமெண்ட் பூசியவையாக இருக்கட்டும். தெளிந்த தண்ணீரைத் தென்னைக்கு விடு, ஆடு மேயும் கொழுக்கட்டைப் புல்லுக்கு வேண்டாம். ஆரம்பிக்கும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து, அறிக்கையை அந்தந்தத் தோட்டக்காரர் கையில் கொடுத்துவிடு. பின்னால் எது வந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் அதுதான் சாட்சி.

ரத்தமும் சாணமும் எருக்குழிக்கு. அடியில் ஒரு அடி காய்ந்த சோளத்தட்டு, ஈரக்கழிவு ஒரு கூடைக்குத் தென்னை நார்த்தூளும் சருகும் இரண்டு கூடை, மேலே மறுபடியும் ஒரு அடி மூடாக்கு. உள்சூடு 55 டிகிரியைத் தாண்ட வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் காற்றுப் புகாது, நாறும், ஈ வரும். சுண்ணாம்பை எருவில் போடாதே, அது மக்க வைக்கிற நுண்ணுயிரைக் கொன்றுவிடும். நம் வெயிலில் ஈ முட்டை ஈயாகிப் பறக்க எட்டு முதல் பத்து நாள், அதனால் திறந்த கழிவு எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கவே கூடாது. தோலுக்கு அதன் எடையில் பாதி உப்புத் தேய்த்துச் சிமெண்ட் மேடையில் அடுக்கு. வடிகிற உப்புநீரைத் தனிக் குடத்தில் பிடி.

நாய் விஷயத்தைச் சின்னதாக நினைக்காதே. ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் கோத்த வெள்ளைக் கட்டி இருக்கும், பார்த்திருப்பாய். அதை நாய்க்கு வீசினால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். அந்த நாயைத் தொட்டு விளையாடும் குழந்தையின் ஈரலில் அதே கட்டி வரும். மருத்துவர் ஒதுக்கிய உறுப்பைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து அன்றே ஆழப் புதைக்க வேண்டும். கிளுவை வேலி ஆட்டுக்குப் போதும், நாய் புகுந்துவிடும். கம்பிவலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கு.

இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. ஊர் உன் கூடத்துக்குக் கிழக்கிலோ தென்மேற்கிலோ இருந்தால் வருஷத்தில் பாதி நாள் வாடை வீட்டுக்குள் வரும். ஊருக்கு மேற்கே நீ குறித்திருக்கும் துண்டு ஆகாது. ஊருக்குத் தென்கிழக்கில் இருக்கிற கொறங்காடு, நம் ஆடு மேய்கிற வேலி போட்ட நிலம், இரண்டு காற்றுக்கும் தப்பும், வண்டிப்பாதையும் உண்டு. முன்பக்கம் சில்லறைக் கடையும் வைப்பதானால் கோயிலுக்கு 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கோயில் வாசலுக்கு நேர் எதிர் என்றால் 100 மீட்டர். ஜெனரேட்டரை வீடுகள் இல்லாத பக்கச் சுவரோரம் வை. இரவெல்லாம் குளிரறையை முழு வேகத்தில் ஓட்டவும் தேவையில்லை. அறுத்த 10 மணி நேரத்துக்குள் சதை 10 டிகிரிக்குக் கீழே போனால் நார் சுருங்கிக் கறி வேகாது. முதல் சில மணி நேரம் 12, 15 டிகிரியில் தொங்கவிட்டு அப்புறம் 4-க்குக் கீழே கொண்டு போ.

இவ்வளவுக்கும் ஊர் இறங்கி வராவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அறுப்பதை நகராட்சி இறைச்சிக்கூடத்தில் வைத்துக்கொண்டு, வெட்டுவதையும் பொட்டலம் கட்டுவதையும் மட்டும் இங்கே செய். ரத்தமும் சாணமும் ஊருக்குள் வரவே வராது. குளிர்வண்டிச் செலவு கூடும், லாபம் குறையும். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் நடத்த வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவ ஒன்று, இயக்க ஒன்று என இரண்டு இசைவாணை (அனுமதி) வாங்க வேண்டும். ஊராட்சியின் தடையின்மைச் சான்று இல்லாமல் அறுப்பதற்கான அனுமதி நகராது. எதிர்ப்புத் தீர்மானம் ஏறிவிட்டால் அது கோப்போடு கூடவே போகும். அதனால் அக்டோபர் 2 சபைக்கு முன்பே தலைவரோ தனி அலுவலரோ யார் இருக்கிறாரோ அவரிடம் கழிவுநீர் வரைபடத்தைக் கொடுத்துவிடு. கிணற்றுக்காரர்களை வீட்டுக்கே போய்ப் பார். எண்ணிக்கை, அறுக்கும் நேரம், புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் வேலையை நிறுத்துவாய் என்பதையெல்லாம் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடு.

தென்கிழக்குத் துண்டின் புலப்பட நகலை எடுத்து வைத்திருக்கிறேன். தொட்டி, வடிகால், எருக்குழி மூன்றையும் அதில் குறித்த புது வரைபடத்தை அனுப்பு. ஓடைப் புறம்போக்கு எல்லையை விட்டுத் தள்ளிக் குறி, கண்ணு.

அன்புடன்,
அம்மா