மேகத்துக்குள் சிக்கினால்

கருவிப் பயிற்சி (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி) இல்லாத பைலட்டுகள் கவனத்துக்கு. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் வெளிப்பார்வையை மறைத்துச் சோதித்தபோது 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில்.

விமானம் மெதுவாகச் சாய்வதை உள்காது உணராது. மூக்கு தாழ்ந்து, விமானம் சுழன்றபடி இறங்கி வேகம் கூடும். உயரம் குறைகிறதே என்று கன்ட்ரோலை இழுத்தால் சுழல் இறுகிவிடும், இங்கேதான் உயிர் போகிறது. முதலில் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியை) குறையுங்கள், இறக்கைகளைச் சமமாக்குங்கள், பிறகே மூக்கை மெல்லத் தூக்குங்கள்.

மேகத்துக்குள் நுழைந்த கணமே கண் செயற்கை அடிவானத்தில் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியில்) இருக்கட்டும். உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள். இல்லையேல் விநாடிக்கு 3 டிகிரி வீதம் திரும்புங்கள். ஒரு நிமிடத்தில் வந்த திசையை நோக்கி இருப்பீர்கள். விமானம் நிலைப்பட்டதும் கட்டுப்பாட்டு அறையிடம் தயங்காமல் உதவி கேளுங்கள்.

அடிவானம் மங்கும்போதே திரும்பிவிடுவது இதைவிட எளிது.